லாயாங் லாயாங்கில் இருந்து இ-ஹெய்லிங் ஓட்டலாமா? ஒரு மணி நேரத்திற்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

"ஒரு நாளைக்கு நூத்தம்பது வெள்ளி ஈசியா எடுக்கலாம். முதலாளி இல்ல, பன்ச் கார்டு இல்ல, நெனச்ச நேரம் ஓட்டலாம்."

கூலாய் அல்லது குளுவாங் பக்கம் கார் ஓட்டும் நண்பரோ உறவினரோ உங்களிடமும் இப்படிச் சொல்லியிருக்கலாம். லாயாங் லாயாங், ரெங்கம், சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் இருக்கும் பலருக்கு அந்தப் பேச்சு ஆசையைக் கிளப்பும். தோட்டத்து வேலை குறைந்துவிட்டது. தொழிற்சாலை வேலைக்கு எப்படியும் கூலாய் வரை போக வேண்டும். வீட்டில் ஒரு மைவியோ சாகாவோ நிற்கிறது. அதையே ஓட்டிச் சம்பாதித்தால் என்ன?

நல்ல கேள்விதான். ஆனால் அந்த நூற்றைம்பது வெள்ளி எத்தனை மணி நேரத்தில் வந்தது, அதில் எண்ணெய்க்கும் டயருக்கும் எவ்வளவு போனது என்பதைக் கேட்காமல் முடிவெடுத்தால், ஆறு மாதம் கழித்து கையில் காசும் இருக்காது, காரும் பாதி தேய்ந்திருக்கும். சிலர் இந்த வேலையை நம்பியே ஒன்பது வருடக் கடனில் புது கார் எடுத்துவிடுகிறார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக

• இ-ஹெய்லிங் ஓட்டுநருக்கு மணிக் கணக்கில் சம்பளம் இல்லை. பயணி காரில் இருக்கும் தூரத்துக்கும் நேரத்துக்கும்தான் பணம்.
• காத்திருக்கும் நேரம், பயணியை ஏற்றப் போகும் நேரம், காலியாகத் திரும்பும் நேரம் மூன்றும் உங்கள் கணக்கு.
• லாயாங் லாயாங் போன்ற சின்ன ஊரில் இந்த மூன்றும் நகரத்தைவிட அதிகம்.
• பி.எஸ்.வி. உரிமம், இ.வி.பி. அனுமதி, இ-ஹெய்லிங் காப்புறுதி இல்லாமல் ஓட்டக் கூடாது.
• சொக்சோ பாதுகாப்பும் இ.பி.எஃப். சேமிப்பும் உண்டு. ஆனால் அவை எப்படி நடக்கின்றன என்பதை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

பணம் எதற்குக் கிடைக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பால்மரம் வெட்டிய காலத்தில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பாலுக்கான காசும் இல்லை. பெரட்டுக்கு எழுந்து போய் நின்றது யார் கணக்கிலும் வராது. செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு எண்ணெய் நிலையத்தில் காத்திருக்கும் ஓட்டுநரின் நிலையும் ஏறக்குறைய அதேதான்.

பயணி ஒரு தொகை கட்டுகிறார். அதில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மலேசியாவில் இந்தக் கமிஷனுக்கு 20 விழுக்காடு என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்துள்ளது. அதாவது 30 ரிங்கிட் கட்டணத்தில் 6 ரிங்கிட் வரை நிறுவனத்துக்குப் போகும், 24 ரிங்கிட் உங்களுக்கு வரும். இதற்கு மேல் பயணியிடம் சேவைக் கட்டணம் என்று தனியாக வாங்கினால் அதில் உங்களுக்குப் பங்கு இருக்காது. பயணி கட்டிய மொத்தத்தைப் பார்த்து, "அவ்வளவு வாங்குனீங்களே?" என்று கேட்டால், உங்கள் கைக்கு வந்தது வேறு என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்ட நேரத்தில் கட்டணம் ஏறும். வேலை விடும் நேரம், மழை, பெருநாள் காலம் போன்றவை ஓட்டுநருக்கு நல்ல வேளை. ஆனால் அந்த ஏற்றம் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் நடக்கும். ஜொகூர் பாரு, ஸ்கூடாய், கூலாய் டவுனில் திரையில் சிவப்பாகத் தெரியும். லாயாங் லாயாங்கில் பெரும்பாலும் தெரியாது.

சின்ன ஊரின் சிக்கல்: காலியாக ஓடும் கிலோமீட்டர்

லாயாங் லாயாங் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த சிறிய பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இங்கிருந்து சவாரி கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியே போகிறவர்கள்: குளுவாங் மருத்துவமனை, கூலாய் மருத்துவமனை, செனாய் விமான நிலையம், கூலாய் பேரங்காடிகள், ஜொகூர் பாரு. எல்லாமே நீண்ட தூரம். திரையில் அந்தத் தொகையைப் பார்க்கும்போது மனசு குளிரும்.

ஆனால் திரும்பி வரும்போது?

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். காலை நேரம் 50 நிமிடம் காத்திருந்து ஒரு சவாரி கிடைக்கிறது. பயணியை ஏற்றப் போக 10 நிமிடம். கூலாய் மருத்துவமனைக்கு 40 நிமிடம். உங்கள் கைக்கு 24 ரிங்கிட். அங்கிருந்து லாயாங் லாயாங் திரும்ப யாரும் இல்லை, காலியாக 40 நிமிடம் ஓட்டி வருகிறீர்கள். மொத்தம் 2 மணி 20 நிமிடம். போக வர 65 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு சுமார் நாலேகால் லிட்டர் எண்ணெய், ஏறக்குறைய 8 ரிங்கிட் 60 சென். மிச்சம் 15 ரிங்கிட் 40 சென். மணிக்கு 6 ரிங்கிட் 60 சென் அளவுதான்.

அதே நாளில் கூலாயில் 20 நிமிடம் காத்திருந்து, லாயாங் லாயாங் அல்லது ரெங்கம் பக்கம் வரும் ஒருவர் அதே கட்டணத்தில் கிடைத்தால்? அப்போது மொத்தம் 2 மணி 40 நிமிடம், கையில் 48 ரிங்கிட். எண்ணெய் போக மணிக்கு 14 ரிங்கிட்டுக்கு மேல். இரண்டும் ஒரே சாலை, ஒரே கார். வித்தியாசம் திரும்பும் சவாரி ஒன்றுதான்.

ஆகவே இந்த வட்டார ஓட்டுநரின் வருமானத்தைத் தீர்மானிப்பது எத்தனை மணி நேரம் செயலி திறந்திருந்தது என்பதல்ல, எத்தனை கிலோமீட்டர் காலியாக ஓடியது என்பதே. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் பாருங்கள்.

ஒரு வாரக் கணக்கு

கீழே உள்ள எண்கள் ஒரு மாதிரிதான். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பார்க்கும் முறையைக் காட்டவே இவை.

வாரம் ஆறு நாள், நாளைக்கு 9 மணி நேரம் செயலி திறந்திருக்கிறது. 54 மணி நேரம். கமிஷன் போக செயலி காட்டும் வருமானம் 900 ரிங்கிட். மேலோட்டமாகப் பார்த்தால் மணிக்கு 16 ரிங்கிட் 67 சென். பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது கழிப்போம்.

• எண்ணெய்: வாரம் 1,500 கிலோமீட்டர், 100 லிட்டர். லிட்டர் 1.99 ரிங்கிட் என்றால் 199 ரிங்கிட்.
• தேய்மானம்: டயர், எஞ்சின் ஆயில், பிரேக், பேட்டரி, சர்வீஸ். கிலோமீட்டருக்கு 10 சென் ஒதுக்கினால் 150 ரிங்கிட்.
• டோல், வாகன நிறுத்துமிடம், கைப்பேசி டேட்டா: 30 ரிங்கிட்.

மொத்தக் கழிவு 379 ரிங்கிட். மிச்சம் 521 ரிங்கிட்.

அடுத்து நேரம். காலையில் வீட்டில் இருந்து கூலாய் வரை காலியாகப் போனது, இரவில் செயலியை மூடிவிட்டு வீடு திரும்பியது, கார் கழுவியது, எண்ணெய் ஊற்ற நின்றது எல்லாம் சேர்த்து வாரம் 8 மணி நேரம் கூட்டுங்கள். 62 மணி நேரம்.

521-ஐ 62 ஆல் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 40 சென்.

மலேசியாவின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். மணிக் கணக்கில் அது 8 ரிங்கிட் 17 சென். ஆக, "மணிக்கு பதினாறு வெள்ளி" என்று தொடங்கிய கதை, குறைந்தபட்ச சம்பளத்துக்கு 23 சென் மேலே வந்து நிற்கிறது.

இது கடன் முடிந்த காருக்கு. மாதம் 650 ரிங்கிட் தவணை இருந்தால் வாரத்துக்கு 150 ரிங்கிட் மேலும் கழியும். அப்போது மணிக்கு 5 ரிங்கிட் 98 சென்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1,700 ரிங்கிட் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். கட்டுகிறார். அது மட்டுமே மாதம் 221 ரிங்கிட். சம்பளத்துடன் விடுமுறை, மருத்துவ விடுப்பு, கூடுதல் நேரச் சம்பளம் தனி. இ-ஹெய்லிங் ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் பூஜ்யம். ஆனால் கார் தவணைக்குக் காய்ச்சல் வராது.

அப்படியானால் யாருக்கு இது லாபம்?

எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

முதலாவது, எப்படியும் அந்தப் பாதையில் போகிறவர்கள். கூலாயிலோ செடெனாக்கிலோ செனாயிலோ வேலை பார்த்துவிட்டு தினமும் வீடு திரும்புகிறீர்கள் என்றால், போகும்போதும் வரும்போதும் உங்கள் வழியில் வரும் சவாரியை மட்டும் எடுக்கலாம். போகும் இடத்தைக் குறித்துவைத்து அந்தத் திசைச் சவாரியை மட்டும் பெறும் வசதி சில செயலிகளில் உண்டு. அந்தக் கிலோமீட்டரை நீங்கள் எப்படியும் ஓட்டப் போகிறீர்கள். அதனால் வருவதில் பெரும்பகுதி மிச்சம்தான்.

இரண்டாவது, கடன் முடிந்த, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் சின்ன கார் வைத்திருப்பவர்கள்.

மூன்றாவது, நேரம்தான் முக்கியம் என்பவர்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு மதியம் திரும்ப அழைக்க வேண்டிய அம்மா, டயாலிசிஸுக்கு அப்பாவை வாரம் மூன்று நாள் கூட்டிப் போக வேண்டிய மகன். இவர்களுக்கு எட்டு மணி நேர ஷிப்ட் வேலை ஒத்துவராது. கொஞ்சம் குறைவாக வந்தாலும் நேரம் தங்கள் கையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் சரி.

முழு நேரமாக ஓட்டுவது என்று முடிவெடுத்தால், பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியே போய்த்தான் ஓட்ட வேண்டும். அதிகாலையில் செனாய் விமான நிலையத்துக்கு ஒரு சவாரி, பிறகு நாள் முழுக்க கூலாய், ஸ்கூடாய், ஜொகூர் பாரு பக்கம், மாலையில் வடக்கு நோக்கி ஒரு சவாரி பிடித்துக்கொண்டு வீடு. 2025 ஆகஸ்டு இறுதியில் இ.டி.எஸ். மின்சார ரயில் சேவை குளுவாங் வரை வந்தது. டிசம்பரில் ஜே.பி. சென்ட்ரல் வரை நீண்டது. ரயில் வரும் நேரங்களில் நிலையத்தில் சவாரி கிடைக்கும் வாய்ப்பு கூடும். அட்டவணையைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்?

இ-ஹெய்லிங் சேவையை ஒழுங்குபடுத்தும் சட்டத் திருத்தங்கள் 2017-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2018 ஜூலை 12-இல் நடப்புக்கு வந்து, ஓட்டுநர்களுக்கான அமலாக்கம் 2019-இல் முழுமையாகத் தொடங்கியது. அன்று முதல், "சொந்தக் கார்தானே" என்று அப்படியே ஓட்ட முடியாது.

பி.எஸ்.வி. உரிமம். பயணிகளை ஏற்றுவதற்கான தொழில்முறை உரிமம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 'பி' ஒட்டிய தற்காலிக உரிமக் காலம் முடிந்திருக்க வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. அங்கீகரித்த ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தில் ஒரு நாள் பயிற்சியும் தேர்வும் உண்டு. மருத்துவப் பரிசோதனையும் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. செலுத்தாத சம்மன்கள் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

இ.வி.பி. அனுமதி. இது காருக்கான அனுமதி. நீங்கள் பதிந்திருக்கும் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காரின் வயதுக்கும் பாதுகாப்புத் தரத்துக்கும் வரம்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார் என்றால் வருடாந்திரப் பரிசோதனையும் உண்டு. பழைய கார் ஒன்றை இதற்காகவே வாங்க நினைத்தால், அது இன்னும் எத்தனை வருடம் அனுமதிக்கப்படும் என்று முதலில் கேளுங்கள்.

இ-ஹெய்லிங் காப்புறுதி. இதை நிறையப் பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வழக்கமான கார் காப்புறுதி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். சவாரி ஏற்றியிருக்கும்போது விபத்து நடந்து, கூடுதல் இ-ஹெய்லிங் காப்புறுதி இல்லை என்றால் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். கார் போய்விடும், தவணை மட்டும் நிற்கும்.

கார் உங்கள் பெயரில் இல்லாமல் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால், காப்புறுதியில் ஓட்டுநராக உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஒதுக்கீடு

2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியது. மைகார்டைப் பயன்படுத்தி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட் விலையில் ஊற்றலாம். சாதாரண மக்களுக்கு மாதம் 300 லிட்டர் என்று திட்டம் ஆரம்பித்தது. முழு நேர இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு அதற்கு மேல் கூடுதல் ஒதுக்கீடு உண்டு.

மேலே பார்த்த மாதிரிக் கணக்கில் வாரம் 100 லிட்டர், அதாவது மாதம் 430 லிட்டருக்கு மேல் போகிறது. கூடுதல் ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் மீதியை மானியம் இல்லாத விலையில் ஊற்ற வேண்டும். திட்டம் தொடங்கியபோது அந்த விலை 2.60 ரிங்கிட். பகுதி நேரமாக ஓட்டுகிறவருக்குக் கூடுதல் ஒதுக்கீடு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். அளவும் தகுதியும் மாறக்கூடியவை. உங்கள் மீதம் எவ்வளவு என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்காகவே தொடங்கப்பட்டது. பெர்கேசோ எனப்படும் சொக்சோ இதை நடத்துகிறது. ஆண்டுச் சந்தா 157.20 ரிங்கிட் முதல் 592.80 ரிங்கிட் வரை நான்கு படிகளில் அமைக்கப்பட்டது. எந்தப் படியில் கட்டுகிறீர்களோ அதற்கேற்ப இழப்பீடு.

வேலை நேரத்தில் விபத்து என்றால் சிகிச்சை, தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கான உதவித்தொகை, நிரந்தர ஊனத்துக்கான தொகை, உயிரிழந்தால் குடும்பத்துக்கான உதவி ஆகியவை இதில் அடங்கும். தற்காலிக உதவித்தொகை, காப்புறுதி செய்யப்பட்ட வருமானத்தில் 80 விழுக்காடு. 232.80 ரிங்கிட் படியில் காப்புறுதி வருமானம் மாதம் 1,550 ரிங்கிட். அதன்படி நாளுக்கு 41 ரிங்கிட் அளவு கிடைக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருப்பவருக்கு அரிசி, பால்மாவுக்காவது அது உதவும்.

2025-ஆம் ஆண்டின் கிக் தொழிலாளர் சட்டத்தில் இந்தச் சந்தா ஒவ்வொரு சவாரியின் வருமானத்திலும் 1.25 விழுக்காடாகப் பிடிக்கப்பட வழி செய்யப்பட்டுள்ளது. 20 ரிங்கிட் வருமானத்தில் 25 சென். உங்கள் பெயரில் அது சொக்சோவுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

முதுமைக்கு, இ.பி.எஃப். வாரியத்தின் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. நீங்களாகக் கட்டும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தரும், ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை. ஆண்டுக்கு 2,500 ரிங்கிட், அதாவது மாதம் சுமார் 210 ரிங்கிட் கட்டினால் அந்த முழுத் தொகையும் கிடைக்கும். நல்ல வாரத்தில் ஐம்பது ஐம்பதாகப் போட்டாலும் போதும்.

கணக்கை முடக்கிவிட்டால்?

காலையில் எழுந்து செயலியைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. ஒரு பயணி புகார் கொடுத்திருக்கிறார். என்ன புகார், யாரிடம் விளக்கம் சொல்வது என்று தெரியாது. பேச ஒரு மேனேஜர் அறையும் இல்லை. இந்த வேலையில் ஓட்டுநர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

கிக் தொழிலாளர் சட்ட மசோதா 2025 ஆகஸ்டு 28-இல் மக்களவையிலும் செப்டம்பரில் மேலவையிலும் நிறைவேறியது. நாட்டில் 12 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருப்பதாக அப்போது அரசாங்கம் சொன்னது. எழுத்துபூர்வமான சேவை ஒப்பந்தம், காரணமின்றிக் கணக்கை முடக்குவதற்கு எதிரான பாதுகாப்பு, புகார் செய்யும் வழிமுறை, வழக்கைத் தீர்க்க ஒரு நடுவர் மன்றம் ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள்.

உரிமை சட்டத்தில் இருந்தாலும் ஆதாரம் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதனால்:

• ஒப்பந்தத்தின் நகலைச் சேமித்து வையுங்கள்.
• வாராந்திர வருமான அறிக்கையைத் திரைப்படம் எடுத்து வையுங்கள்.
• பிரச்சினையான சவாரி என்றால் தேதி, நேரம், நடந்தது என்ன என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.
• காரில் டேஷ்கேம் பொருத்துங்கள். தோட்டத்துச் சாலையில் இரவு சவாரிக்கு அது இரட்டைப் பாதுகாப்பு.

செயலி இல்லாமல், சிங்கப்பூருக்கு...

"செயலிய மூடிட்டு நேரா காசு குடுக்கிறேன் அண்ணே, கமிஷன் மிச்சம்" என்று பயணி சொல்வார். ஒத்துக்கொண்டால் அது 'சாப்பு' ஓட்டம். நிறுவனம் கணக்கை மூடலாம், அமலாக்க அதிகாரிகள் பிடிக்கலாம். இ-ஹெய்லிங் காப்புறுதி அந்தப் பயணத்துக்குப் பேசுமா என்பதும் சந்தேகம்.

ஜொகூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஆசை சிங்கப்பூர் சவாரி. ஒரே டிரிப்பில் ஒரு நாள் வருமானம் என்பார்கள். மலேசிய உரிமம் சிங்கப்பூரில் செல்லாது. அங்கே உரிமமின்றிப் பயணிகளை ஏற்றினால் 3,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வாகனமும் பறிமுதலாகலாம். 2025-இல் சிங்கப்பூர் அதிகாரிகள் சோதனையைக் கடுமையாக்கிப் பல வாகனங்களைப் பிடித்தனர். கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், பிடிபட்ட காருக்கும் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? மற்ற நாடுகள் சொல்வது என்ன?

லாயாங் லாயாங் ஓட்டுநர் கேட்கும் அதே கேள்வியை உலகம் முழுக்கக் கேட்கிறார்கள்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19-இல் ஊபர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன் பகுதியில் செயலியைத் திறந்து, சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது நீதிமன்றம். ஆனால் அதன் பிறகு நிறுவனம் குறைந்தபட்ச ஊதியத்தை, சவாரியை ஏற்றுக்கொண்ட நேரத்தில் இருந்து மட்டுமே கணக்கிட்டுத் தர முன்வந்தது. சர்ச்சை அதோடு முடியவில்லை.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த விதி, செலவுகள் போக ஓட்டுநருக்கு மணிக்கு 17.22 டாலர் மிஞ்சும்படி கட்டணத்தை அமைத்தது. ஓட்டுநர்கள் எவ்வளவு நேரம் காலியாகச் சுற்றுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவிலோ 2020-இல் வாக்கெடுப்பில் வென்ற சட்டம், சவாரியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறது. காத்திருப்பு அதில் இல்லை.

பக்கத்தில் சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் தளத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்து, விபத்து இழப்பீடும் மத்திய சேமநிதிச் சந்தாவும் நடப்புக்கு வந்தன. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்டது.

மலேசியாவில் இப்போதைக்குக் காத்திருப்புக்கு மணிக் கூலி இல்லை. அதனால் அந்த நேரத்தை அளந்து வைத்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.

உடம்பும் வீடும்

கணக்கில் வராத இன்னொரு செலவு உடம்பு. தொடர்ந்து உட்கார்ந்தே இருப்பதால் முதுகுவலி, நேரம் தவறிச் சாப்பிடுவது, சிறுநீரை அடக்கிவைப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. வீட்டில் இருந்து கொஞ்சம் சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

தூக்கம் இதைவிட முக்கியம். இரவு பதினொரு மணிக்கு ஜொகூர் பாருவில் செயலியை மூடினால், வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் செம்பனைகளுக்கு நடுவே இருட்டுச் சாலை. அன்றைய இலக்குக்கு இன்னும் இருபது வெள்ளி குறைகிறதே என்று கண் சொருகச் சொருக ஓட்டாதீர்கள். வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் கண்ணை மூடுங்கள்.

முடிவெடுக்க ஒரு வழி

புது கார் வாங்காதீர்கள், இருக்கும் வேலையை விடாதீர்கள். உரிமங்களை எடுத்து, இருக்கும் காரிலேயே நான்கு வாரம் பகுதி நேரமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தினமும் ஐந்தே ஐந்து எண்களை எழுதுங்கள்:

1. வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும்.
2. கிளம்பும்போதும் திரும்பும்போதும் காரின் மீட்டர் காட்டிய கிலோமீட்டர்.
3. பயணியோடு ஓடிய கிலோமீட்டர்.
4. கமிஷன் போகக் கைக்கு வந்த தொகை.
5. எண்ணெய், டோல், மற்ற செலவு.

மாதக் கடைசியில் நான்காவதில் இருந்து ஐந்தாவதையும், ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 சென்னையும் கழியுங்கள். மிச்சத்தை வீட்டுக்கு வெளியே இருந்த மொத்த நேரத்தால் வகுங்கள். வரும் எண் 8 ரிங்கிட் 17 சென்னுக்கு மேலா, கீழா?

நன்றாக மேலே இருந்தால், தைரியமாக ஓட்டுங்கள். கீழே இருந்தால், இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலியாக ஓடியது பாதிக்கு மேல் என்றால், இன்னும் அதிக நேரம் ஓட்டுவது அதைச் சரிசெய்யாது. நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வழியில் கிடைக்கும் சவாரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை யாராவது "ஒரு நாளைக்கு நூத்தம்பது வெள்ளி" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே கேளுங்க: "எத்தன மணி நேரம் அண்ணே? காலியா எத்தன கிலோமீட்டர்?"